காலி மூட்டையை எண்ணாதவர்

என் மகள் வள்ளி எழுதிய நான்கு அடிப் பாட்டில் ஓர் அடியை அவளுடைய செய்யுள் வாத்தியார் இறக்கி வைத்துவிட்டார். பொங்கல் விழா மேடையில் அவள் அதைச் சொல்ல வேண்டும். அந்த ஓர் அடி சரியாகாவிட்டால் மேடை கிடையாது. அது அவள் அம்மாவைப் பற்றி எழுதியது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அவர் எப்படிப்பட்டவர் என்று தெரியாமல் அதை மட்டும் சொன்னால் அவரைக் கல் என்று நினைப்பீர்கள். அந்தக் காலத்தில் பலர் அப்படித்தான் நினைத்தார்கள்.

பகலில் அவர் துறைமுகத்தில் கிராணி. கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணும் வேலை. சாயங்காலம் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் செய்யுள் சொல்லிக்கொடுப்பார். யாரும் அவரைக் கேட்கவில்லை. அவராகச் செய்தார்.

எந்தப் பிள்ளை எதை எழுதிக் காட்டினாலும் அது நன்றாக இருக்கிறது என்றோ நன்றாக இல்லை என்றோ அவர் சொல்லி நான் கேட்டதில்லை. விரலை மடக்கி எண்ணுவார். அளவு சரியாக வந்தால் "ஏத்து" என்பார். வராவிட்டால் "இறக்கு." துறைமுகத்துப் பேச்சு அது. பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது.

சில பிள்ளைகள் விடமாட்டார்கள்.

"சார், நல்லாருக்கா?"

"பொருள் உன்னுது. அளவு என்னுது. என்னுது சரியா இருக்கு."

இன்னொன்றும் உண்டு. ஓர் அடியில் ஒரு சீர் குறைந்தால் பிள்ளைகள் ஏதாவது ஒரு சொல்லைப் போட்டு நிரப்பிவிடும். ஏனோ, அந்தோ, அன்றோ, இப்படி. இருந்தாலும் ஒன்றுதான், எடுத்தாலும் ஒன்றுதான். அளவு சரியாகத்தான் இருக்கும். அவர் ஏற்றுக்கொள்ள மாட்டார்.

"இது காலி மூட்டை. காலி மூட்டைய நான் எண்ண மாட்டேன்."

மனுஷனிடம் நான் கண்டது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதிலிருந்து வந்தது.

அவர் எங்கள் மாவு மில்லுக்கு வந்ததே இதனால்தான். முதலில் ஒரு மளிகைக்கடை மாடியில் வகுப்பு நடத்தினார். கடைக்காரர் நல்ல மனிதர். மகளுக்குக் கல்யாணம் வைத்தார். அப்போதெல்லாம் கல்யாணத்துக்கு வாழ்த்துப்பா அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, மண்டபத்தில் வாசித்துக் கொடுப்பார்கள். வாழ்த்துப்பா இல்லாத கல்யாணம் சப்பென்று இருக்கும். பிள்ளைகள் பேரில் ஒன்று வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். இவர் ஆளுக்கு ஓர் அடி எழுதச் சொன்னார். நிலவு, தாமரை, பதினாறு பேறு என்று ஆளுக்கொன்று வந்தது. வேலு என்று ஒரு பையன், சரியான வாயாடி. முந்தின நாள் கடையில் மாப்பிள்ளையைப் பார்த்திருக்கிறான். எழுதினான்:

மாப்பிளை தலையில் முடியே இல்லை

இவர் விரலை மடக்கினார். நாலு சீர். காலி மூட்டை ஒன்றும் இல்லை. "ஏத்து" என்றார். அச்சாகி, சட்டம் போட்டு, மண்டபத்துக்கும் வந்துவிட்டது. ஒவ்வொரு பிள்ளையும் தன் அடியை ஒலிபெருக்கியில் சொன்னது. வேலுவும் சொன்னான். மாப்பிள்ளைதான் முதலில் சிரித்தார். தலைப்பாகையைக் கழற்றித் தலையைத் தடவிக் காட்டினார். "தம்பி சரியாத்தானே சொல்லுது" என்றார்.

கடைக்காரர் சிரிக்கவில்லை. மறுநாள் மாடியைப் பூட்டிவிட்டார்.

"பெரியவங்க பாத்து திருத்த வேணாமா?" என்று வாத்தியாரை எல்லாரும் கேட்டார்கள்.

"எந்தச் சீரைத் திருத்த?" என்றார்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை என்று நினைக்கிறேன்.

எங்கள் மில் சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. மிளகாய், மல்லி, மஞ்சள், அரிசி அரைப்போம். முதலாளி ஜொகூரில். நான்தான் ஓட்டினேன். மேலே ஓர் அறை. அதில் நானும் வள்ளியும். அவள் அம்மா இரண்டாவது பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனவள். அவளும் வரவில்லை, பிள்ளையும் வரவில்லை. வள்ளிக்கு அப்போது ஆறு வயது. அதற்குப் பிறகு நாங்கள் அதிகம் பேசிக்கொள்வதில்லை. சண்டை இல்லை. சோறு போடுவேன். சாப்பிடுவாள். தலை மட்டும் பக்கத்து வீட்டு அக்கா பின்னிவிடும். அவள் அம்மாவைப் பற்றி அவள் கேட்டதில்லை. நான் சொன்னதும் இல்லை.

ஒரு சாயங்காலம் அவர் வந்து வாசலில் நின்றார். பின்னால், கடைகளின் முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில் பிள்ளைகள் வரிசையாக நின்றன. கடைசியில் வேலு.

"அண்ணே, பின்னால சாக்கு போடற இடம் காலியா?"

"சாக்கு இருக்கு."

"சாக்கு மேலயே உக்காந்துக்குவாங்க."

"இங்க மிளகா அரைக்கிறோம்."

"தெரியும்."

"தும்முவாங்க."

"தும்மட்டும். தும்மலுக்கும் அளவு இருக்கு லா."

சிரிக்காமல் சொன்னார். நானும் சிரிக்கவில்லை. நகர்ந்து வழி விட்டேன்.

மில்லின் பெல்ட் ஒரு தடவை அறுந்து, நான் கம்பி வைத்துத் தைத்திருந்தேன். நீளமான பெல்ட். அந்தத் தையல் சக்கரத்தில் ஏறும்போதெல்லாம் டப் என்று ஒரு சத்தம் வரும். எனக்கு அது காதில் விழுவதே நின்று வெகுநாள் ஆகியிருந்தது. அவர் அன்று அதைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"இது மாறாம வருமா?"

"மிளகா ஈரமா இருந்தா மெதுவா வரும்."

"அரிசிக்கு?"

"வேகம்."

"அப்ப சின்னதுங்களுக்கு மிளகா. பெரிசுங்களுக்கு அரிசி."

அன்றிலிருந்து பெல்ட்தான் தாளம். ஒரு டப்புக்கு ஒரு சீர். நாலு டப்புக்கு ஓர் அடி. நான் மில் ஓட்டிக்கொண்டே கேட்பேன். வேண்டாம் என்றாலும் கேட்கும். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் எனக்கே புரியும்படி இருந்தது.

"ஒத்த ஆள் தூக்குறது நேர். ரெண்டு பேர் சோடி போட்டுத் தூக்குறது நிரை. அம், மா. ரெண்டும் ஒத்த ஆளு. நேர் நேர். ம, ழை. ரெண்டும் சேர்ந்து ஒரு தூக்கு. நிரை. இப்படி ரெண்டு தூக்கு சேர்ந்தா ஒரு சீர். நாலு சீர் வந்தா ஒரு வண்டி கிளம்பும். அதான் அடி."

"எத்தனை வண்டி சார் ஒரு பாட்டுக்கு?"

"நாலு போதும். நம்மகிட்ட அவ்வளவுதான் சரக்கு."

நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா என்று பிள்ளைகள் கத்தும். மா என்றால் மாங்காய் என்று அவர் சொல்லிவைக்க, மறுநாள் வேலு தேக்கா மார்க்கெட்டிலிருந்து நிஜமாகவே புளிப்பு மாங்காய் கொண்டு வந்தான். என் மிளகாய்த் தூளைத் தொட்டுத் தின்றார்கள். கண்ணில் தண்ணீர் வடிய "நிரை நேர் புளிமா" என்று சொன்னார்கள். அவர் ஒரு துண்டு எடுத்துக்கொண்டார். அளவு தப்பிய பிள்ளைக்கு மட்டும் தரவில்லை.

முதலாளி ஜொகூரிலிருந்து புது பெல்ட் அனுப்பினார். தையல் இல்லாத பெல்ட். நான் அதை மாட்டவில்லை. சுருட்டிப் பரணில் வைத்துவிட்டேன்.

அவரைப் பிடிக்காமலும் இருந்திருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும்.

வேலுவின் அப்பா குடிப்பவர். குடித்தால் அடிப்பார். வேலு ஒரு நாள் இரண்டே அடி எழுதிவந்தான்:

அப்பா வந்தால் கதவு நடுங்கும்
அம்மா முதுகும் சேர்ந்து நடுங்கும்

அரிசி அரைக்க வந்த பெண்கள் இரண்டு பேர் அங்கே நின்றிருந்தார்கள். அவர்கள் கை நின்றுவிட்டது. இவர் விரல் மடக்கினார். "ஏத்து." அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.

"என்ன மனுஷன் இவரு? புள்ள அழுவுற மாதிரி நிக்கிது. ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று ஒருத்தி என்னிடம் சொன்னாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மாவைக் கொட்டிக் கொடுத்தேன்.

வேலு அந்த இரண்டு அடியையும் போகிற வழியெல்லாம் சத்தமாகச் சொல்லிக்கொண்டு போனான். ஏற்றப்பட்ட அடியைப் பிள்ளைகள் அப்படித்தான் சொல்லித் திரியும். சந்து முழுக்கப் பரவியது. இரண்டு நாள் கழித்து அவன் அப்பா மில்லுக்கு வந்தார். அன்று குடித்திருக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"யாருய்யா வாத்தியார்? என் புள்ளைக்கு என்னாய்யா சொல்லிக் குடுக்குற?"

இவர் சாக்கிலிருந்து எழுந்தார்.

"அந்த ரெண்டு அடியிலயும் நாலு நாலு சீர் இருக்கு. எது குறையுதுன்னு சொல்லுங்க. இப்பவே இறக்கிடறேன்."

அந்த ஆள் வாயைத் திறந்தார். பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் எல்லாம் அவரையே பார்த்தன. அவர் உதடு அசைந்தது. அடியைத்தான் சொல்லிப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. எங்கே குறைகிறது என்று தேடினார். குறையவில்லை. போய்விட்டார்.

குடியை விட்டாரா என்றால், இல்லை. கதவை மட்டும் மெதுவாகத் திறக்கப் பழகிக்கொண்டார் என்று வேலுவின் அம்மா பிறகு மல்லி அரைக்க வந்தபோது சொன்னாள்.

வாத்தியாரின் மனைவி நெஞ்சுவலியில் போனார். நல்ல பெண்மணி. பிள்ளை இல்லை. நான் துக்கத்துக்குப் போனேன். உடலைக் கூடத்தில் போட்டிருந்தார்கள். தமிழ்ச் சங்கத்திலிருந்து ஒருவர் வந்து இரங்கற்பா வாசித்தார். உருக்கமாகத்தான் வாசித்தார். பெண்கள் அழுதார்கள். இவர் சுவரோரம் நின்றார். கை வேட்டியோடு ஒட்டி இருந்தது. நான் பக்கத்தில் நின்றதால் பார்த்தேன். விரல் மடங்கிக்கொண்டிருந்தது.

வாசித்தவர் முடித்துவிட்டு இவர் கையைப் பிடித்தார்.

"மூணாவது அடியில ரெண்டு காலி மூட்டை" என்றார் இவர்.

அந்த ஆளுக்கு அர்த்தம் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. தெரிந்த வேறு சிலருக்கும் முகம் மாறிவிட்டது. கல்லு என்று ஒருவர் வாசலில் வைத்தே சொன்னார்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. நானும் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு, மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றவன். அதில் ஓர் இறக்கை கொஞ்சம் வளைந்திருந்தது. இன்றைக்கும் அந்த இறக்கைதான் ஞாபகம் இருக்கிறது. கை சும்மா இருக்க முடியாது. கண்ணும் அப்படித்தான். எதையாவது பிடித்துக்கொள்ளும்.

இனி வள்ளி.

அவளுக்கு அப்போது பத்து வயது. பொங்கல் விழாவில் பிள்ளைகள் தாங்கள் எழுதியதை மேடையில் சொல்ல வேண்டும் என்று சங்கத்தில் முடிவு. ஏற்றப்பட்ட பாட்டுக்கு மட்டும்தான் மேடை என்று அவர் சொல்லிவிட்டார். வள்ளிக்கு அதுவரை ஒரு பாட்டும் ஏறியதில்லை. மழை, பூனை என்று ஏதோ எழுதுவாள். பாதியில் விட்டுவிடுவாள். அன்று சிலேட்டைக் கொண்டுபோய் நீட்டினாள். வாயால் சொல்லவில்லை. அவர்தான் சத்தமாகப் படித்தார். மிளகாய் ஓடிக்கொண்டிருந்தது. நான் தொட்டிப் பக்கம் நின்றேன்.

விடியும் முன்னே வண்டி வந்தது
மடியில் பையுடன் அம்மா போனாள்
குடையுடன் அப்பா வந்தார்
வாசல் எல்லாம் தண்ணீர் நின்றது

நான் தொட்டியில் மிளகாயைத் தள்ளினேன். தேவைக்கு மேல் தள்ளிவிட்டேன். எந்திரம் திணறியது.

அவர் விரலை மடக்கினார். "ஒண்ணாவது ஏத்து. ரெண்டு, நாலு ஏத்து. மூணாவது இறக்கு. ஒரு சீர் குறையுது."

அவ்வளவுதான். அடுத்த பிள்ளை.

மறுநாள் வள்ளி, "குடையுடன் அந்தோ அப்பா வந்தார்" என்று கொண்டுபோனாள்.

"காலி மூட்டை."

அதற்கு மறுநாள், "ஏனோ குடையுடன் அப்பா வந்தார்."

அவர் இந்தத் தடவை அதை இரண்டு முறை படித்தார். சிலேட்டைக் கையில் வைத்திருந்தார்.

"இதுவும் காலிதான். ஆனா மூட்டை இருக்கு. அந்த ஏனுக்குச் சரக்குதான் உங்கிட்ட இல்ல."

"எங்க இருக்கு சார்?"

"அது என் வேலை இல்ல."

வேலு பின்னாலிருந்து, "சொல்லிக் குடுங்க சார், பாவம்" என்றான்.

"நான் கொடுத்தா என் பாட்டு. அவ பாட்டுக்கு அவதான் தேடணும்."

வள்ளி அன்று சோறு தின்னவில்லை. பொங்கலுக்கு நாள் நெருங்கிவிட்டது. மற்ற பிள்ளைகள் எல்லாருக்கும் ஏறிவிட்டது. வேலுவுக்கு மூன்று பாட்டு. இவளுக்கு மட்டும் இல்லை. எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. தாயில்லாத பிள்ளை. ஏனோ என்றால் ஏனோ என்று ஏற்றிவிட்டுப் போனால் என்ன. போய்க் கேட்கலாம் என்று நினைத்தேன். போகவில்லை. எனக்குப் பேச வராது.

அந்த வாரத்தில் ஒரு நாள், மில்லில் ஆள் இல்லாத நேரம். நான் மல்லி அரைத்துக்கொண்டிருந்தேன். அவள் வந்து பக்கத்தில் நின்றாள். ஏதோ சொன்னாள். சத்தத்தில் கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். நான் மில்லை நிறுத்தினேன். பாதி அரவையில் நான் மில்லை நிறுத்துகிற ஆள் இல்லை.

பெல்ட் இரண்டு சுற்று சுற்றி நின்றது.

"அப்பா."

"என்ன."

"அன்னைக்கு நான் பக்கத்து வீட்டு ஜன்னல்லேருந்து பாத்தேன். நீங்க வந்தப்ப கையில குடை இருந்துச்சு."

"ஆமா."

"நல்ல மழ."

"ஆமா."

"அப்புறம் ஏன் நனைஞ்சீங்க?"

நான் கையைத் துடைத்தேன். மல்லித் தூள் போகவில்லை. அவள் காத்திருந்தாள். அவள் அம்மா மாதிரியே ஒரு காலில் பாரம் போட்டு நின்றாள்.

"அது உங்கம்மா கட்டினது" என்றேன்.

"எது?"

"குடை. விடியக்காலைல தூறல். டாக்சிவரைக்கும் குடை புடிச்சேன். உள்ள ஏறி உக்காந்து, என்கிட்டேருந்து வாங்கி, அவதான் மடக்கினா. பட்டன் அறுந்து போச்சு அதுல. பழைய சேலைத் துணி ஒண்ணு பையில வச்சிருந்தா. அதச் சுத்தி முடிச்சுப் போட்டு என் கையில குடுத்தா."

"என்ன சொன்னாங்க?"

"தண்ணி சொட்டுது, காலு மேல வச்சுக்காதீங்கன்னா."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் சொல்லல. வலி வந்துருச்சு."

நானே சொன்னேன்.

"திரும்பி வர்றப்ப மழ. அவ முடிச்சு இருந்துச்சு. நான் அவிழ்க்கல."

வள்ளி மாடிக்கு ஏறிப் போனாள். குடை கதவுக்குப் பின்னால் ஆணியில்தான் தொங்கியது. அன்று மாட்டியது. அவள் தினமும் பார்க்கிற குடைதான். பலகை கிறீச்சிட்ட சத்தம் கேட்டது. கதவை நகர்த்தினாள் போலிருக்கிறது. பிறகு இறங்கி வந்தாள்.

"இன்னும் அவிழ்க்கவே இல்லியா?"

"இல்ல."

தலையை ஆட்டினாள். நான் மில்லைப் போட்டேன்.

மறுநாள் வகுப்பில் அவள் சிலேட்டைக் கொடுக்கவில்லை. எழுந்து நின்று வாயால் சொன்னாள். பெல்ட்டுக்குச் சரியாகச் சொன்னாள்.

விடியும் முன்னே வண்டி வந்தது
மடியில் பையுடன் அம்மா போனாள்
அவிழாக் குடையுடன் அப்பா வந்தார்
வாசல் எல்லாம் தண்ணீர் நின்றது

அவர் விரல் மடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. மடக்கிய விரலை அவர் விரிக்கவில்லை. அடுத்த பிள்ளையை உடனே கூப்பிடுவது அவர் வழக்கம். அன்று கூப்பிடவில்லை. பெல்ட் சும்மா ஓடியது. டப், டப் என்று வெகுநேரம் ஓடியது. பிள்ளைகள் ஒன்றை ஒன்று பார்த்தன.

"ஏத்து" என்றார்.

என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

விழாவில் ஒரு கூத்து நடந்தது. வேலுதான் முதல். மேடையில் ஏறி நின்றான். நின்றுகொண்டே இருந்தான். எத்தனை பேச்சுப் பேசுகிற பையன். ஒரு சொல் வரவில்லை. கடைசியில் ஒலிபெருக்கியில், "சார், மில்லு இல்ல சார்" என்றான். சபைக்குப் புரியவில்லை. எங்கள் சந்துக்காரர்களுக்கு மட்டும் புரிந்தது. பிள்ளைகள் எல்லாம் பெல்ட்டின் தாளத்தில் கற்றுக்கொண்டவை. பெல்ட் இல்லாமல் எங்கே தொடங்குவது என்று ஒன்றுக்கும் தெரியவில்லை. அவர் மேடையோரம் போய், ஒரு கால் செருப்பைக் கழற்றி, பலகையில் அடித்தார். டப். டப். வேலு தொடங்கிவிட்டான். எல்லாப் பிள்ளைகளுக்கும் செருப்பால் அடித்தார். வேட்டி கட்டி, மேல் துண்டு போட்டு, கையில் செருப்போடு நின்றார். சங்கத் தலைவருக்கு முகம் போன போக்கைச் சொல்ல முடியாது.

வள்ளிக்கும் அடித்தார். அவளுக்குக் கொஞ்சம் மெதுவாக. ஈர மிளகாய் வேகத்தில். அவள் முழுவதையும் சொன்னாள். கை தட்டினார்களா என்று எனக்கு ஞாபகம் இல்லை.

அதற்குப் பிறகு நானும் வள்ளியும் பேச ஆரம்பித்தோம் என்று சொன்னால் பொய். கொஞ்சம் பேசினோம். அவள் அம்மாவைப் பற்றி எப்போதாவது கேட்பாள். ஒரு கேள்விதான் கேட்பாள். நானும் ஒரு பதில்தான் சொல்வேன். அதுவே எங்களுக்கு அதிகம்.

முதலாளி மில்லை விற்றார். எங்களுக்குக் குவீன்ஸ்டவுனில் அடுக்குமாடி வீடு கிடைத்தது. வேறு வேலைக்குப் போனேன். குடையையும் கொண்டுபோனோம். அங்கேயும் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி அடித்தேன்.

வள்ளி கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் அவர் வந்தார். துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். உடம்பு இளைத்துப் போயிருந்தது. கையில் எண்ணெய்த்தாள் சுற்றிய கண்ணாடிச் சட்டம். வாழ்த்துப்பா.

"நீங்களே வாசிங்க சார்" என்றாள் வள்ளி.

"மண்டபத்துல வேலு வாசிப்பான். அவன்கிட்ட சொல்லியாச்சு."

"மாப்பிளை தலையப் பத்தி ஒண்ணும் இல்லியே சார்?"

"முடி இருக்குல்ல?"

"இருக்கு சார்."

"அப்ப இல்ல."

கோப்பி குடித்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். எழுந்தபோது மழை பிடித்துக்கொண்டது. டிசம்பர் மழை. எதிர் ப்ளாக் தெரியவில்லை. இருங்கள் என்றேன். கடைசி பஸ்ஸா போகப்போகிறது என்றேன். யாரையோ பார்க்கப் போக வேண்டும் என்றார். நாங்கள் புழங்கும் குடையைக் கல்யாணத்துக்கு வந்திருந்த என் தங்கை மார்க்கெட்டுக்கு எடுத்துப் போயிருந்தாள். வள்ளி எதிர்வீட்டைத் தட்டிப் பார்த்தாள். ஆள் இல்லை.

நான் கதவுக்குப் பின்னாலிருந்த குடையை எடுத்தேன்.

வள்ளி என்னைப் பார்த்தாள்.

"இத எடுத்துக்கங்க" என்றேன்.

அவர் வாங்கினார். துணி நிறம் போயிருந்தது. முடிச்சு மட்டும் அப்படியே இருந்தது. அதன் மேல் கட்டை விரலை வைத்தார். எழுதிய நாளிலிருந்து அன்றுவரை அந்த நாலு அடியைப் பற்றி அவர் எங்களிடம் ஒரு சொல்கூடப் பேசியதில்லை. அன்றும் பேசவில்லை. விரலை எடுத்தார். கதவை நகர்த்தி, குடையை ஆணியில் அவரே மாட்டினார். ஆடாமல் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்தார்.

"வேணாம் லா அண்ணே. தூறல்தான்."

செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினார்.

நானும் வள்ளியும் மேலிருந்து பார்த்தோம். அவர் திடலைக் கடந்து பஸ் நிறுத்தத்துக்குப் போனார். ஓடவில்லை. துண்டைத் தலையில் போட்டுக்கொள்ளவும் இல்லை. ஒரே அளவாக நடந்தார். பாதி தூரம் போவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. வள்ளியின் விரல் கைப்பிடிச் சுவரில் தட்டிக்கொண்டிருந்தது. அவர் நடைக்குத்தான் தட்டினாள்.